கரணையும் கணக்கும்



தாம்பரத்தில் கரும்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். இங்கே கரும்பு என்றால் சாலையோரத்தில் சாறு பிழியும் வண்டி, தை பிறக்கும்போது மார்க்கெட்டில் சாய்த்து வைத்திருக்கும் பன்னீர்க் கரும்புக் கட்டு, அவ்வளவுதான். ஆலைக் கரும்பு தெற்கே செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கிய பிறகுதான் வருகிறது. அங்கே படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது.

ஆனால் ஓய்வு பெற்றுச் சேலையூரில் குடியேறிய பிறகு ஒன்றைக் கவனித்தேன். எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்களுக்குச் சொந்த ஊர் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலைப் பக்கம். முன்பு பெருங்களத்தூரில் நின்று ஊருக்குப் பேருந்து ஏறியவர்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் ஏறுகிறார்கள். அப்பா ஊரில் பயிர் பார்க்கிறார், பிள்ளை இங்கே வேலை பார்க்கிறான். வெட்டிய கரும்பின் கட்டையை மறுபடி தளிர்க்க விடலாமா, அழித்துவிட்டு நெல் வைக்கலாமா, சொட்டுநீர் போடலாமா என்ற பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் நடக்கிறது. ஆகவே இது கரும்பு விளையாத ஊராக இருந்தாலும் கரும்புக்காரர்களின் பிள்ளைகள் நிறைந்த ஊர். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

30 ஆண்டுக்கு மேல் சர்க்கரை ஆலைகளில் கரும்புப் பிரிவில் இருந்தவன் நான். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பதிவு எழுதும் உதவியாளராகச் சேர்ந்து, கரும்பு அலுவலராக வெளியே வந்தேன். இத்தனை காலமும் எல்லாக் கூட்டங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்: ‘விவசாயிகள் ஏன் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற மறுக்கிறார்கள்?’ கேள்வியே தவறு என்று புரிய எனக்கு வெகு நாள் ஆயிற்று.

மாறாத ஜாதி என்று கரும்புக்காரரைச் சொல்ல வரலாறு இடம் தரவில்லை. கரும்பே நமக்கு வெளியிலிருந்து வந்த பயிர் என்பது நம் முன்னோரின் நினைவு. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர்தான் அதை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் சொல்கிறார். கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓசை ஐங்குறுநூற்றிலேயே கேட்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வேற்று நிலத்துப் பயிரையும் அதற்கான எந்திரத்தையும் ஏற்றுக்கொண்ட மக்கள் நாம்.

அண்மைக் காலத்துக்கு வந்தால் கோயம்புத்தூர். 1912 இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். வட இந்தியக் குளிரில் கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிக்காது. கோயம்புத்தூரில் பூக்கும், விதையும் பிடிக்கும். அதனால் பஞ்சாபுக்கான கரும்பைக் கூட இங்கேதான் உருவாக்க வேண்டியிருந்தது. அந்த நிலையத்தின் விஞ்ஞானிகளான பார்பரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும் சாறு நிறைந்த தடித்த கரும்பை, ஆற்றங்கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் நாணலோடு சேர்த்தார்கள். நாணலில் இனிப்பு இல்லை. ஆனால் குளிர், வறட்சி, நோய் எல்லாவற்றையும் தாங்கும் வைரம் இருந்தது. அப்படிப் பிறந்த கோ 205, 1918 இல் பஞ்சாபுக்குப் போனது. பிறகு வந்த கோ ரகங்கள் இந்தியாவைத் தாண்டிப் பல நாட்டு வயல்களில் ஏறின. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930களில் இதே நிலையத்தில்தான் கரும்பின் மரபணுக் கூறுகளை ஆராய்ந்தார். இன்று தமிழ்நாட்டின் கரும்புப் பரப்பில் மிகப் பெரும்பகுதியில் நிற்பது கோ 86032 என்ற ஒரே ரகம். அது ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது யாரும் கட்டாயப்படுத்தியதால் அல்ல. எடை நின்றது, கட்டைப் பயிர் நன்றாக வந்தது, விவசாயி கைமாற்றிக் கைமாற்றிக் விதைக் கரணை வாங்கிக்கொண்டார்.

நெல்லில் இதைவிடப் பெரிய சாட்சி உண்டு. 1960களில் ஆடுதுறை 27 தஞ்சைப் பகுதியில் பரவியபோது திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் பலர் அதைப் பயிரிட்டார்கள். மக்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். சரியானது, சரியான குரலில், சரியான பருவத்தில் வந்தால் நம் விவசாயி ஒரு போகம் கூடக் காத்திருப்பதில்லை.

பிறகு ஏன் சில முறைகள் நட்ட இடத்திலேயே நின்றுவிடுகின்றன? ஒரே ஒரு முறையை எடுத்துக்கொண்டு விரிவாகப் பார்க்கிறேன், ஏனென்றால் அதில் என் பங்கும் இருக்கிறது.

பழைய முறையில் ஓர் ஏக்கர் நடுவதற்கு 3 முதல் 4 டன் கரும்பை வெட்டிக் கரணையாக்கி மண்ணில் புதைப்போம். ஆலைக்குப் போனால் காசாகும் கரும்பு அது. முளைப்பதோ அதிலுள்ள பரு மட்டும். மற்றதெல்லாம் மண்ணோடு மண். பார்கள் நெருக்கம், உள்ளே காற்றும் வெயிலும் போகாது, தூர் கட்டும், பாதி தூர் செத்துப்போகும். இதற்கு மாற்றாக 2009 இல் இக்ரிசாட் நிறுவனமும் உலக இயற்கை நிதியமும் ஒரு முறையை முன்வைத்தன. மடகாஸ்கரில் பிறந்த ஒற்றை நாற்று நெல் நடவு, நம்மூரில் இராஜராஜன் 1000 என்று பெயர் பெற்றதே, அதன் வழியில் வந்த சிந்தனை. தமிழ்நாடு அரசு இதை ‘நீடித்த நவீன கரும்பு சாகுபடி’ என்ற பெயரில் 2011-12 முதல் பரப்பியது. பருவை மட்டும் சீவி எடுத்து, குழித்தட்டில் தென்னை நார்க் கழிவு போட்டு, நிழல்வலைக்குக் கீழே ஒரு மாதம் நாற்றாக வளர்த்து, பாருக்குப் பார் 5 அடி, செடிக்குச் செடி 2 அடி விட்டு நடுவது. ஏக்கருக்கு 5,000 நாற்று போதும். பரு போன மீதிக் கரும்பு அரவைக்கோ வெல்லத்துக்கோ போகும்.

அப்போது நான் தென்னாற்காட்டுப் பக்கம் ஓர் ஆலையில் இருந்தேன். எங்கள் கோட்டத்தில் 3 ஏக்கர் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போய்ச் சொன்னேன். 5 அடிக் கயிறு கட்டிக் காட்டியதும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “இன்னா சார் இது, இவ்ளோ எடம் சும்மாவே கெடக்குதே. மாடு கட்டவா?” என்றார். நடுவில் உளுந்து போடலாம், 70 நாளில் கையில் காசு வரும், அதற்குள் கரும்பு இடத்தை மூடிவிடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: “நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும் சார். புட்டுக்கிச்சின்னா யாரு குடுப்பாங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் நடவைத்தேன். நாற்று நன்றாகப் பிடித்தது. தாய்க் குருத்தை வெட்டிவிடச் சொன்னபோது அவர் மனைவி என்னைத் திட்டினார். பத்து நாள் கழித்துச் சுற்றிலும் தூர் வெடித்ததைப் பார்த்து அவரே பக்கத்துத் தோட்டத்துப் பெண்களைக் கூட்டிவந்து காட்டினார். வயல் விழா நடத்தினோம், 40 பேர் வந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் ஏக்கருக்கு 40 டன் எடுத்தாலே பெரிது என்று இருந்த மண்ணில் 55 டன்னுக்குக் குறையாது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

ஆனால் ஆலையின் வெட்டு உத்தரவு வரவில்லை. ஆலையில் எந்திரப் பழுது, ஆள் பற்றாக்குறை, முறை மாறிய பதிவுகள் என்று தள்ளித் தள்ளி இரண்டரை மாதம் தாமதமானது. கரும்பு பூத்துவிட்டது. உள்ளே நெட்டி விழுந்து எடை போனது. விட்டம் கட்டியதையும் மீறிக் காற்றில் பாதித் தோட்டம் சாய்ந்தது. ஆள் வந்தபோது சாய்ந்த கரும்புக்கு வெட்டுக் கூலி கூடக் கேட்டார்கள். அதன் பிறகு பணம் 11 மாதம் வரவில்லை. அடுத்த ஆண்டு போனபோது அந்த 3 ஏக்கரில் சவுக்கு நின்றது. பெரியவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, மோர் கொடுத்தார். அந்த மோரைக் குடித்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

வயல் விழாவுக்கு வந்த 40 பேரில் ஒருவர் கூட அந்த முறைக்கு மாறவில்லை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒட்டு மக்காச்சோளம் பரவிய கதையை ரையன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1943 இல் எழுதினார்கள். புதிய விதையைப் பற்றி விவசாயிகள் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளர்களிடம்; நம்பி மாறியது அண்டை வீட்டாரைப் பார்த்து. கேள்விப்பட்டதற்கும் மாறியதற்கும் நடுவே சராசரியாக 9 ஆண்டு. வேளாண் விரிவாக்கம் படிக்கும் எல்லாரும் இந்த ஆய்வை அறிவார்கள். ஆனால் அதன் மறுபக்கத்தை என் பெரியவரின் தோட்டத்தில்தான் கற்றேன். அண்டை வீட்டுக்காரரின் வெற்றி எவ்வளவு வேகமாகப் பரவுமோ, அதைவிட வேகமாக அவருடைய நட்டம் பரவும். அந்த நட்டம் பருச் சீவலால் வந்ததா, வெட்டு உத்தரவால் வந்ததா என்று ஊர் பிரித்துப் பார்க்காது. ‘அகலப் பார் போட்டார், போண்டியானார்’ என்பதோடு கதை முடிந்தது.

ஆகவே நான் உறுதியாகச் சொல்கிறேன்: கரும்பில் வெட்டும் தேதியும் பணம் வரும் தேதியும் தொழில்நுட்பத்தின் பகுதிகள். சொட்டுநீர்க் குழாய்க்கு உள்ள இடம் அவற்றுக்கும் உண்டு. 1966 ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி தரவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை விவசாயிகள் இந்த வட்டியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று நம் மாணவர்கள் யாராவது ஓர் ஆய்வு செய்தால் அது எத்தனையோ பயிற்சி முகாம்களைவிடப் பயன்படும்.

விலைக் கணக்கிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் விலை, ஆலையின் சராசரிச் சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பு எடையில் எத்தனை சதவீதம் சர்க்கரையாகக் கிடைக்கிறது என்பதை, ஒட்டியது. 2024-25 பருவத்துக்கு 10.25 சதவீதக் கட்டுமானம் என்றால் டன்னுக்கு 3,400 ரூபாய், 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் 3,151. தமிழ்நாட்டு ஆலைகள் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்படியில்தான் நிற்கின்றன. மாநில அரசு 349 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 3,500 ஆக்கியது. இதில் கவனிக்க வேண்டியது சராசரி என்ற சொல். சோகை உரித்து, சரியான வயதில் வெட்டி, அன்றைக்கே அனுப்பி, தித்திப்பான கரும்பு கொடுத்தவருக்கும், மண்ணும் தோகையுமாக அள்ளிப் போட்டவருக்கும் டன்னுக்கு ஒரே விலை. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு விவசாயியின் கரும்பையும் சோதித்து, அதிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையை வைத்துத் தனித்தனியே பணம் தருகிறார்கள். பிரேசிலிலும் கரும்பின் சர்க்கரை அளவே விலையை நிர்ணயிக்கிறது. நம்மூரில் எடைதான் காசு. அப்படியிருக்க, சர்க்கரை கூடும் முன்பட்ட ரகத்தை நடச் சொன்னால் ‘எடை எவ்வளவு வரும்?’ என்று அவர் கேட்பது மிகச் சரியான கேள்வி. இனிப்பின் பலன் ஆலைக்கும், எடைக் குறைவின் நட்டம் தனக்கும் போகும் என்று கணக்குப் போட்டவரைப் பிற்போக்கு என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது.

மாநிலக் கணக்கையும் பாருங்கள். 2011-12 இல் தமிழ்நாட்டு ஆலைகள் செய்த சர்க்கரை சுமார் 24 லட்சம் டன். ஆறே ஆண்டில், 2017-18 இல், அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. வறட்சி ஒரு காரணம், விவசாயிகளுக்குத் தராத நிலுவை இன்னொரு காரணம். ஆள் பற்றாக்குறையையும் சேர்க்க வேண்டும். வெட்டு எந்திரம் வந்திருக்கிறதே என்பீர்கள். எந்திரம் திரும்புவதற்கு 4.5 அடி, 5 அடிப் பார் வேண்டும், வரப்பில்லாத நீண்ட வயல் வேண்டும். அரை ஏக்கர், முக்கால் ஏக்கராகத் துண்டுபட்ட நிலத்தில் ஒருவர் மட்டும் மாறிப் பயனில்லை. வரிசையாக நாலு பேர் சேர்ந்து ஒரே வாரத்தில், ஒரே திசையில் பார் போட வேண்டும்.

இங்கே ஒரு பாகுபாட்டைச் சொல்ல விரும்புகிறேன். சில நுட்பங்கள் ஒருவருடையவை, சில ஊருடையவை. கட்டைக் கரும்பில் தரையை ஒட்டிக் கட்டை சீவுவது, செடி போன இடங்களில் நாற்று வைத்து நிரப்புவது, சோகையை எரிக்காமல் பொடித்துப் பரப்புவது, இவையெல்லாம் தனி ஒருவர் நாளைக்கே செய்யலாம். இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கட்டுவது அப்படியல்ல. நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை தோகையின் அடியில் அட்டை கட்ட வேண்டும். அதிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத குளவி புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். ஆனால் சுற்றிலும் பூச்சிமருந்து அடித்தால் குளவி செத்துவிடும். நடுவில் ஒரு தோட்டத்தில் மட்டும் அட்டை தொங்கினால் பயனில்லை. 2002 இல் மகாராஷ்டிராவில் தலைகாட்டிக் கர்நாடகம் வழியாகத் தமிழ்நாடு வரை வந்த வெள்ளைக் கம்பளி அசுவினியை ஒடுக்கியது, பெருமளவுக்கு, அதைத் தின்னும் டைபாப் புழு போன்ற இயற்கை எதிரிகள்தான். ஊர் ஊராக அந்தப் புழுக்களைத் தோகையோடு எடுத்துக்கொண்டு போய் விட்டோம். மருந்து அடிக்காமல் கைகட்டி நின்ற விவசாயிகளின் பொறுமைதான் அதை வெல்லவைத்தது. இதை யாரும் பெரிதாக எழுதவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஒரே ரகத்தில் எல்லாரும் நிற்பதும் ஊருடைய பிரச்சினைதான். உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 மாநிலத்தையே மூடி நின்றது, பிறகு செவ்வழுகல் நோய் வந்து வயல் வயலாகக் காய்ந்தது. நாமும் ஒற்றை ரகத்தின்மேல்தான் வீடு கட்டியிருக்கிறோம். புதிய ரகங்கள் ஆலைக் கோட்டத்துக்குப் பத்துத் தோட்டங்களிலாவது, ஆலையே விதைச் செலவையும் நட்டத்தையும் ஏற்றுக்கொண்டு நடப்பட வேண்டும். ‘புட்டுக்கிச்சின்னா யாரு குடுப்பாங்க?’ என்ற கேள்விக்கு ஒப்பந்தத் தாளில் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் பெரியவர் இன்றும் கரும்பு வைத்திருப்பார்.

இனி இந்த அவையில் இருக்கும் இளைஞர்களிடம் பேசுகிறேன். சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். கரும்பு ஒரு பயிர்க்காலத்தில் 1,500 முதல் 2,500 மில்லி மீட்டர் வரை தண்ணீர் கேட்கும் பயிர். சொட்டுநீரில் தண்ணீர் மிச்சமாகும், உரத்தையும் குழாயிலேயே கரைத்து விடலாம், களை குறையும், கூலி குறையும். முழு மானியம் இருந்தும் ஏன் எல்லாத் தோட்டத்திலும் குழாய் ஓடவில்லை? நான் கண்ட காரணங்களில் முதன்மையானது பட்டா. நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது ஐந்து பங்காளிகளின் கூட்டுப் பட்டாவில் இருக்கும். சிட்டா, அடங்கல், நில வரைபடம், வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒத்துப்போக வேண்டும். 68 வயதுக்காரர் நாலு முறை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்துவிட்டு, போதும் என்று வாய்க்கால் பாய்ச்சலுக்கே திரும்பிவிடுகிறார்.

அந்த நாலு நடையை நீங்கள் நடக்கலாம். இணையத்தில் விண்ணப்பிக்க உங்களுக்குத் தெரியும். பங்காளிகளில் இரண்டு பேர் ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும்தான் இருப்பார்கள். உட்கார்ந்து பேசிப் பாகப் பிரிவினைப் பத்திரத்தை முடிக்கலாம். விளக்கம் வேண்டுமென்றால் பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974 இல் நம் புதுச்சேரியில்தான் தொடங்கியது. அங்கே போய்க் கேட்கும் வழிமுறை நமக்குப் புதிதல்ல.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள். கரும்பு வெட்டு நடக்கும் காலம் அது. வீட்டில் உட்காராமல் அப்பாவோடு ஒரு நாள் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். எந்தத் தேதியில் நட்டார், ஆலையில் எந்தத் தேதியில் பதிந்தார், வெட்டு உத்தரவு எப்போது வந்தது, கரும்பு எடை போட்ட சீட்டு எங்கே, போன ஆண்டுப் பணம் எந்த நாளில் வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். திரும்பும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். என் வீடு சேலையூரில்தான், மாலை நேரங்களில் இருப்பேன். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.